திரைக்கடைக்காரர் யோசித்து முடிக்கும் வரை

சனிக்கிழமை ஷிப்டுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்த யூதப் பெண்கள் சங்கத்தார் உங்களை வேலைக்கு எடுத்தது உங்கள் கெட்டித்தனத்துக்காக அல்ல. நீங்கள் யூதர் இல்லை என்பதற்காகத்தான். என்னையும் அதற்காகத்தான் எடுத்தார்கள். படிப்பு எதுவரை என்று கேட்டார்கள். ஐந்தாம் வகுப்பு வாசல்வரை என்றேன். வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்போது எண்பதுகளின் நடுப்பகுதி, லண்டன். கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறினால் மாறாமல் கொள்ளாமல் கோல்டர்ஸ் கிறீனில் இறங்கலாம். வேலைக்குப் போனேன் என்பதைவிட, அந்த நோர்தேர்ன் லைன் ரயிலில் நித்திரை கொள்ளப் போனேன், இடையில் கொஞ்சம் வேலையும் செய்தேன் என்றால் சரி.

நேர்முகம் பார்த்தவர் சங்கத்தின் தலைவி. பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் மேலேயிருந்து திட்டுவார். உயரம் என் தோளளவு. குரல் மட்டும் இரண்டாம் மாடி. என்னை ஒருமுறை பார்த்தார், நெற்றியில் திருநீற்றைப் பார்த்தார்.

"இறைச்சி சாப்பிடுவீரோ?" என்றார்.

"தொடவும் மாட்டன்."

"அப்ப எங்கட குசினியில பாதிப் பிரச்சினை முடிஞ்சுது. நாளைக்கே வாரும்."

பாலும் இறைச்சியும் ஒரு சட்டியில் சேரக்கூடாது என்பது அவர்கள் முறை. இரண்டு தொட்டி, இரண்டு கூட்டம் கரண்டி. சைவக்காரி என்றால் ஒரு பக்கத்தை எட்டியும் பார்க்கமாட்டாள் அல்லவா? மூளை உள்ள மனிசி. (அவர்கள் எல்லோரும் பேசியது இங்கிலீஷ். என் வாயில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வெளியே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வெள்ளி பொழுதுபட்டால் சனி பொழுதுபடும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். சுவிட்ச் தொடமாட்டார்கள், போன் எடுக்கமாட்டார்கள், குடை விரிக்கமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் எல்லாவற்றையும் தொடுவார்கள், அதற்கு ஒரு தடையும் இல்லை. மற்றதற்கு நாம். ஆனால் அவர்கள் வாயால் "லைட்டைப் போடு" என்று நமக்குச் சொல்லவும் கூடாது. சாடையாகத்தான் சொல்லலாம். "இஞ்ச சரியான இருட்டாய்க் கிடக்கு" என்பார்கள். நாம் எழுந்துபோய்ப் போடவேண்டும்.

சாடை எனக்கு ஒரு புது விஷயமா? என் மாமியார் ஒருநாளும் என்னிடம் தேத்தண்ணி கேட்டதில்லை. "முருகா, தொண்டை காயுது" என்று முருகனிடம்தான் முறைப்பாடு வைப்பார். முருகன் வந்து கேத்தில் வைத்ததை நான் கண்டதில்லை.

அந்தத் திமிரில் முதல் மாதமே ஒரு அலுவல் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் தலைவி, "இந்த ஃப்ரிட்ஜ் போடுற சத்தம், அப்பப்பா" என்றார். எழுந்துபோய்ச் சுவர் சுவிட்சிலேயே நிப்பாட்டிவிட்டேன். ஞாயிறு வந்து திறந்தால், சங்கத்து வீட்டில் தங்கியிருக்கிற கிழவிகளுக்கென்று வைத்த மீனெல்லாம் மணம். தலைவி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பிள்ளை, நாங்கள் சும்மா கதைக்கிறதும் உண்டு."

இதை மட்டும் மனதில் வைத்திருங்கள். ஒருவர் வாய்திறந்து கேட்கமுடியாததைச் செய்துகொடுப்பதுதான் நம் வேலை. ஆனால் அவர் எதைக் கேட்கவில்லை என்பதும் தெரியவேண்டும்.

சங்கத்தின் சரித்திரத்தை உங்களுக்கு ஒரு புத்தகமாகக் கொடுத்திருப்பார்கள். நான் அதைத் திறந்ததில்லை. கரட் சீவும்போது தலைவி சொல்லிக் கேட்டதுதான். முந்தி ஒரு காலம் கிழக்கு லண்டன் துறைமுகத்தில் யூதப் பெட்டைகள் தனியாக வந்து இறங்குவார்களாம். இறங்கும் இடத்தில், "நான் உன்ர மாமா முறை, வா, வேலை எடுத்துத் தாறன்" என்று சில மாமாக்கள் நிற்பார்களாம். அந்த மாமாக்கள் என்ன வேலை எடுத்துக் கொடுப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதைத் தடுக்கத்தான் சில வசதியான பெண்கள் பெரிய தொப்பியைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார்கள். மாமாக்களுக்கு முன்னால் போய்ப் பெட்டைகளின் கையைப் பிடித்தார்கள். அதுதான் தொடக்கம். பிறகு அவர்களின் மகள்மார், தொழுகைக் கூடத்து நிர்வாகத்தில் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஆண்கள், "யோசிக்கிறம்" என்றார்கள். நெடுங்காலம் யோசித்தார்கள்.

"எங்கட சங்கத்தின்ர சரித்திரமே ஆம்பிளையள் யோசிச்ச சரித்திரம்தான்" என்றார் தலைவி. "நாங்கள் அந்த நேரத்தில சமைச்சம், துடைச்சம், கூட்டம் போட்டம்."

இனி ரூத்தின் கதைக்கு வருகிறேன்.

ரூத் சனிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவாள். முப்பத்தெட்டு வயது. பற்களெல்லாம் தெரியச் சிரிப்பாள், பிறகு யாரோ பார்த்துவிட்டார்கள் என்பதுபோல் வாயை மூடுவாள். புருசனோடு வாழமுடியாது என்று கோட்டுக்குப் போய், அரசாங்கத்தின் விவாகரத்து எடுத்து ஐந்து வருசம். ஆனால் அவர்கள் சமயத்தில் அது போதாது. புருசன் தன் கையால் ஒரு விடுதலைக் கடுதாசி கொடுக்கவேண்டும், அவள் தன் கையால் வாங்கவேண்டும். வாங்காமல் இன்னொருவரைக் கட்டினால் பிறக்கிற பிள்ளைக்குத் தலைமுறை தலைமுறையாகக் குறை. ரூத்தைக் கட்ட எட்ஜ்வெயாரில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் காத்துக்கொண்டிருந்தார், பொறுமைசாலி. ரூத்துக்கு ஆசை ஒன்றுதான். பிள்ளை. அதற்குள் வயது போய்க்கொண்டிருந்தது.

புருசனுக்கு ஹெண்டனில் திரைச்சீலைக் கடை. கடுதாசி எப்போது தருவீர் என்று சங்கத்துப் பெண்கள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்.

"யோசிக்கிறன்."

"ஆளைப் பிடிச்சு ரெண்டு தட்டுத் தட்டினால் என்ன?" என்று நான் தலைவியிடம் கேட்டேன்.

அவர் கரட்டை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "ஒருக்காலும் அப்பிடிக் கதைக்காதையும். அவன் விரும்பிக் குடுக்கவேணும். வெருட்டி வாங்கினால் அந்தக் கடுதாசி செல்லாது. ரூத் ஆயுளுக்கும் அவன்ர பெண்சாதிதான்."

"அப்ப என்னதான் செய்யலாம்?"

"ஒண்டும் செய்யாமல் விடலாம். அதுக்குத் தடையில்லை. அவனோட கதைக்காமல் விடலாம், விருந்துக்குக் கூப்பிடாமல் விடலாம், அவனிட்டை வாங்காமல் விடலாம்."

அப்படித்தான் செய்தார்கள். ஹெண்டன், கோல்டர்ஸ் கிறீன் யூதப் பெண்கள் ஒருவரும் அந்தக் கடைப்படி மிதிக்கவில்லை. ஒரு வருசம் போயிற்று. மனிதர் வாடவில்லை, வதங்கவில்லை, கடைக்குப் புது போர்டும் போட்டார். தலைவிக்கு விளங்கவேயில்லை. "ஆர் வாங்கினம்? இந்தாள் பேயளுக்கே விக்கிறான்?"

யார் வாங்கினார்கள் என்று எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ஸ்ட்ரெதமில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள். ஹோல் நிறைய எங்கள் சனம். அங்கே ராணி என் பக்கத்தில் வந்து இருந்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, புருசன் சிவம் மினிகாப் ஓட்டுகிறவன். கோலியர்ஸ் வுட்டில் வீடு வாங்கி, அடுத்த மாதம் பால் காய்ச்ச இருந்தார்கள்.

"அக்கா, திரைக்கு ஓடர் குடுத்திட்டன். பொன் நிறம், கீழ சுருக்கு, மேல குஞ்சம். நோர்த்தில ஒரு கடை. ஆள் வெள்ளை, ஆனால் 'வாங்கோ அக்கா' எண்டு தமிழில கூப்பிடுவார். எங்கட ஆக்கள் முழுக்க அங்கதான்."

"நோர்த்தில எங்கை?"

"ஹெண்டன்."

எனக்கு வாயிலிருந்த வடை இறங்கவில்லை. யூதப் பெண்கள் ஒரு வருசமாக வாசலை மூடி வைத்திருக்கிறார்கள். நாங்கள் பின்பக்கத்தால் வரிசையில் நின்று குஞ்சம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்!

பிள்ளைகளே, அந்த நேரம் எனக்கு நாக்கு நுனியில் ஒரு நல்ல பொய் வந்தது. "அந்தத் துணி ஒரு தோய்ப்பில வெளிறிப் போகும்" என்று சொன்னால் முடிந்தது, அடுத்த ஞாயிறு கடை காலி. ஆனால் பொய் சொன்னால் அது பொய்யென்று தெரிகிற அன்று சனம் இரண்டு மடங்காகத் திரும்பிப் போகும். துணியும் உண்மையில் நல்ல துணி. ஆகவே உண்மையையே சொன்னேன். ரூத்தைப் பற்றி, கடுதாசியைப் பற்றி, ஆறு வருசத்தைப் பற்றி.

"பாவம்தான்" என்றாள் ராணி. "ஆனால் அக்கா, அது அவையின்ர பிரச்சினை. எங்களுக்கென்ன?"

"உங்களுக்கு ஒண்டுமில்லைத்தான்" என்றேன். "புதுவீடு. பால் காய்ச்சப் போறாய். அண்டைக்கு ஒரு பொம்பிளையை அழவைச்சுக்கொண்டிருக்கிற கையால வாங்கின சீலையையோ வாசல்ல தூக்கப் போறாய்? உன்ர விருப்பம். இந்த வடைக்கு உப்புக் காணாது, என்ன?"

ராணி வடையைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த இரண்டு பேரும் கதையை நிறுத்தினார்கள். அதற்கு மேல் நான் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. நம் சனத்துக்கு ஒரு செய்தி டூட்டிங்கிலிருந்து ஹாரோவுக்குப் போக ரயில் வேண்டாம். புதுவீடு, பால், கண்ணீர். இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் குஞ்சமாவது சுருக்காவது!

ஒரு ஆபத்து மட்டும் நான் எதிர்பாராதது. செவ்வாய்க்கிழமை சிவம் என் வாசலில் வந்து நின்றான். மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் ஒருக்கா அந்தக் கடைப்பக்கம் போட்டு வாறன். ரெண்டு வார்த்தை கதைச்சால் பின்னேரமே குடுப்பான்."

"அடேய் சிவம்! நீ போய் வெருட்டினால் அந்தக் கடுதாசி செல்லாதடா. அவள் சாகுமட்டும் கிடந்து அழவேணும். போகாதை."

"நான் ஒண்டும் செய்யமாட்டன் அக்கா. சும்மா போய் நிப்பன்."

"நிக்கவும் கூடாது. உன்ர மீசை நிண்டாலே வெருட்டல்தான்."

தலையாட்டிவிட்டுப் போனான். நேரே ஹெண்டனுக்குப் போயிருக்கிறான். நான் சாமிப்படத்துக்கு முன்னால் இருந்து, "முருகா, இவனுக்கு ஒரு டயர் பஞ்சராகட்டும்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னேரம் ராணி போன் எடுத்தாள். குரலில் நெருப்பு.

"அக்கா, உங்கட தம்பி வெருட்டப் போனவர், குளிக்கிற அறைக்கு ஒரு திரை வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறார். அந்தாள் 'வாங்கோ அண்ணை' எண்டு சொல்லித் தேத்தண்ணியும் குடுத்ததாம்!"

வாழ்நாளில் ஒரு வியாபாரியின் கெட்டித்தனத்துக்கு நான் நன்றி சொன்னது அன்றுதான்.

மூன்று நாலு கிழமை கழிந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. உள்ளே சாப்பாடு முடிந்து பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், ரூத்தும் இருந்தாள். வாசலில் யாரோ தட்டினார்கள். பெல் அடிக்கவில்லை, தட்டினார்கள். அப்போதே தெரிந்தது, ஓய்வுநாள் காக்கிற ஆள் என்று. திறந்தால் திரைக்கடைக்காரர். குடையில்லை. தொப்பியிலிருந்து மூக்குக்கும் மூக்கிலிருந்து தாடைக்கும் தண்ணீர் ஒழுகியது.

அந்த வீட்டுக்குள் ஆண்களை எடுப்பதில்லை. நான் ஒரு கதிரையை வாசல் கூரைக்குக் கீழே போட்டு, ஒரு துவாயும் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் வீட்டு நடையின் கோடியில் தலைவி நிற்கிறார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், ஒரு சாடை வருமா என்று. அவர் சுவரைப் பார்த்தார். சாடை இல்லை. சாடையும் சொல்லக்கூடாத இடம் அது.

"நீங்கள்தானே அந்த ஆள்" என்றார் கடைக்காரர்.

"எந்த ஆள் ஐயா?"

"தமிழ் ஆக்கள் ஒருத்தரும் இப்ப வாறேல்லை. ஓடர் குடுத்தவையும் வேண்டாம் எண்டினம். நீங்கள் சொல்லித்தான் வாங்கிறதை நிப்பாட்டினவையாம்."

"நான் சொன்னால் கேக்கிற சனமெண்டால், என்ர பிள்ளையள் முதல்ல கேட்டிருக்குங்கள்."

அவர் துவாயைப் பிசைந்தார். "சரி. நான் கடுதாசியைக் குடுத்தால் அவை திரும்பி வருவினமோ?"

இந்த இடத்துக்காகத்தான் உங்களை இவ்வளவு நேரம் இருத்தி வைத்திருக்கிறேன். "ஓம்" என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் நாளைக்கு அவர்களின் சமயக் கோட்டில், "அந்த மனிசி என்ர வியாபாரத்தைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு பேரம் பேசினது" என்று இவர் சொல்லலாம். "இல்லை" என்றால் இப்போதே எழும்பிப் போய்விடுவார். உள்ளே ரூத் பாடுகிற குரல் தனியாகக் கேட்டது.

"ஐயா, திரை வேண்டியவை வாங்குவினம், வேண்டாதவை வாங்காயினம். அதுக்கு நான் என்னெண்டு வாக்குக் குடுக்கிறது? முதல் தலையைத் துவட்டுங்கோ, சளி பிடிக்கப்போகுது."

துவட்டினார். போகவில்லை. ஆகவே நானும் போகவில்லை.

"ஒண்டு கேக்கட்டோ?" என்றேன். "இவ்வளவு நாளும் என்னத்தை யோசிச்சனீங்கள்?"

மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடுத்தால் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு நான் ஆர்?"

"திரைக்கடைக்காரர்."

சிரிக்கவில்லை. "இப்ப நான் ஒருத்தியின்ர புருசன்."

"அது அவவுக்கும் தெரியுமோ?"

அவர் துவாயால் திரும்பவும் முகத்தைத் துடைத்தார்.

"ஐயா, கடை பூட்டியாச்சு எண்டு கதவில போட்டிருக்கு. உள்ளுக்கு நீங்கள் மட்டும் லைட்டைப் போட்டுக்கொண்டு இருக்கிறியள். ஆரும் வரப்போறேல்லை. நீங்களும் வீட்டை போறியள் இல்லை."

அவர் எழுந்தார். துவாயை நாலாக மடித்தார், கடையில் துணி மடிப்பதுபோல் ஓரம் ஓரமாகப் பொருத்தி. என்னிடம் நீட்டினார்.

"யோசிக்கிறன்."

"யோசியுங்கோ, யோசியுங்கோ. பழகின தொழில்தானே."

இந்த முறை சிரித்தார். மழைக்குள் இறங்கிப் போனார். தலைவி வந்து என் பக்கத்தில் நின்றார். "என்ன சொன்னான்?" என்றும் கேட்கவில்லை. கதிரையைத் தான் தூக்கி உள்ளே வைத்தார்.

அடுத்த கிழமை அவரே சமயக் கோட்டுக்குப் போன் எடுத்து நாள் கேட்டாராம்.

ரூத்துக்குத் துணையாக ஒருவர் வரலாம் என்றார்கள். தலைவி போகவில்லை. ரூத் போன்றவர்களுக்காக அந்தச் சமயக் கோட்டுக் கட்டடத்துக்கு முன்னால் பதாகை பிடித்து நின்றவர் அவர், அவரைக் கண்டால் உள்ளே இருப்பவர்களுக்குத் தேத்தண்ணி கசக்கும். ஆகவே நான் போனேன், காஞ்சிபுரச் சேலையில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று ரபாய்மார், அவர்களின் குருமார். நடுவில் இருந்தவர் தாடியெல்லாம் நரைத்த கிழவர், கண்ணில் குறும்பு. எழுதுகிறவர் இறகுப் பேனையால் அந்தக் கடுதாசியை அங்கேயே இருந்து எழுதி முடித்தார். பிறகு கிழவர் கேட்டார்.

"நீர் உம்முடைய விருப்பத்தோடதான் குடுக்கிறீரோ? ஆரும் வெருட்டினவையோ?"

கடைக்காரர் யோசித்தார். ரூத்தின் விரல்கள் என் சேலைத் தலைப்பைப் பிடித்தன. அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஒரு மீசைக்காரர் கடைக்கு வந்தவர்" என்றார்.

நான் கூரையை விட்டு அவர் வாயைப் பார்த்தேன்.

"வந்து என்ன சொன்னவர்?"

"நீலத்தில இருக்கோ எண்டு கேட்டவர். ஒரு ஷவர் திரை வித்தனான்."

கிழவரின் தாடி ஆடியது. "வேற?"

"வேற ஒருத்தரும் இல்லை. என்ர விருப்பம்தான்."

ரூத்திடம் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்து ஏந்தச் சொன்னார்கள். விரலை மடக்கக்கூடாது, தானாகப் பிடுங்கக்கூடாது. அவர் மடித்த கடுதாசியை மேலேயிருந்து அந்தக் கைக்குள் விட்டார். "நீ இனி எவரையும் கட்டலாம்" என்ற பொருளில் அவர்கள் சொல்லவேண்டியதை மெல்லமாகச் சொன்னார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார், அதை நான் சொல்லியாகவேண்டும்.

"இனி அதைக் கக்கத்தில வைச்சுக்கொண்டு கொஞ்சம் நடவும்" என்றார் கிழவர். அவளுடையதாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கதவுவரை நடந்து திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான். பிறகு கடுதாசியைத் திருப்பி வாங்கி, ஓரத்தை வெட்டி, கோட்டிலேயே வைத்துக்கொள்வார்கள்.

ரூத் கதவுவரை நடந்தாள். கதவைத் திறந்தாள். போய்விட்டாள்.

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சமயக் கோட்டின் கிளார்க் வேர்த்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓடினார், அவர் பெடியன் இல்லை, கொழுத்த மனிதர். நான் அவருக்குப் பின்னால், காஞ்சிபுரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. தெருவில் ரூத் கடுதாசியைக் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டொப்பையும் தாண்டி, நேரே பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. பற்களெல்லாம் தெரிந்தன.

"அம்மா! அம்மா! அதைத் திருப்பித் தரவேணும்!" என்று கத்தினார் கிளார்க்.

நான் அவர் கோட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தருவா, தருவா. ஆறு வருசம் காத்திருந்தவ. நீங்கள் அந்தச் சந்தி மட்டும் பொறுங்கோ ஐயா."

மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ரூத் சந்தியில் திரும்பினாள். நாங்கள் இருவரும் அங்கேயே, மதிலில் சாய்ந்துகொண்டு, அவள் நடந்து முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.